பேசுறவங்க நோட்டு

அந்தப் பைய மேல வச்சிருங்கம்மா, காலுக்கு இடைஞ்சலா இருக்கும். மேல இடம் இல்லையா? சரி, நம்ம ரெண்டு பேர் காலுக்கும் நடுவுல விடுங்க. எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல. பத்தொம்பது வருசமா இந்தப் பஸ்ல போறேன், இதவிட மோசமாவெல்லாம் உக்காந்து போயிருக்கேன். சனிக்கிழமைதான, கூட்டம் இருக்காதுன்னு நெனச்சு வந்தேன். முகூர்த்தம் போல இருக்கு.

என் மூஞ்சியப் பாத்து ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அழுதுட்டு வரல. தூக்கம் கெட்ட மூஞ்சி. ஒரு மாசத்துக்கு மேல ஆகுது நான் ஒழுங்காத் தூங்கி. டாக்டர் பிரஷர்னு மாத்திரை குடுத்திருக்கார். அதப் போட்டா மத்தியானம் கிளாஸ்ல தூக்கம் வருது. ஆமா, நான் டீச்சர். ராஜகனி டீச்சர்னா எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எய்டட் ஸ்கூல், எட்டாங் கிளாஸ் வரைக்கும். ஏழாங் கிளாசுக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். டீச்சரா இருந்தேன். இப்ப மூணாங் கிளாசுக்கு மாத்திட்டாங்க. மூணாங் கிளாஸ் மட்டம்னு சொல்ல வரல. ஆனா ஒரு தப்பும் பண்ணாதவளக் கீழ எறக்கி விட்டா வலிக்குமா வலிக்காதா?

நீங்க யாரோ, நான் யாரோ. இறங்கிப் போயிட்டா ஒருத்தர ஒருத்தர் பாக்கப் போறதில்ல. அதனாலதான் உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுது. ஊருக்குள்ள ஒருத்தர்கிட்டயும் இதப் பேச முடியலம்மா.

எங்க பக்கம் பட்டாசு ஆலைதான் பொழப்பு. காலையில ஏழரைக்கு வேன் வந்து பொம்பளைகள ஏத்திட்டுப் போகும், சாயங்காலம் கொண்டாந்து விடும். வெடிச்சத்தம் எங்களுக்குப் புதுசு இல்ல. பிள்ளைக தலையக்கூட நிமித்தாது. ஆனா இந்த ஆடி மாசம் கேட்டது வேற சத்தம். ஜன்னல் கதவு தானா வந்து அடிச்சது. பத்தே கால் இருக்கும், கணக்குப் பீரியடு, நான் பின்னம் நடத்திக்கிட்டிருந்தேன். பாண்டிச்செல்வின்னு ஒரு பிள்ளை, அது அப்ப வராண்டாவுல நின்னுக்கிட்டிருந்துச்சு. அதனால அதுதான் முதல்ல பாத்துச்சு, மேக்க புகை கெளம்புறத. கதவுக்குள்ள தலைய நீட்டி, "டீச்சர், எங்க அம்மா போற பக்கம்"னுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை வாயத் தொறக்கல.

எங்க ஊர்ல மூணு பேர் போயிட்டாங்க. அதுல ஒருத்தி இதோட அம்மா, மாரிக்கனி. நல்ல பொம்பள. ஒரே பிள்ளைன்னு அதுக்கு ரெட்டச் சடை பின்னி, ரிப்பன் மடிப்புக் கலையாம அனுப்புவா. வேனுக்கு நேரமானாலும் சடை பின்னாம அனுப்ப மாட்டா. காரியம் முடிஞ்சு பதினேழாம் நாள் பிள்ளை ஸ்கூலுக்கு வந்துச்சு, ஒத்தச் சடை. அவங்க அப்பா பின்னி விட்டிருக்கார். கொத்தனாருக்குக் கையாளாப் போறவர், அவருக்கு என்ன தெரியும். கோணலா, பாதி அவுந்து. அதப் பாத்ததும் இந்தப் பிள்ளைய நான் தேத்திக் கொண்டு வரணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

என்னென்ன செஞ்சேன்னு கேளுங்க. முதல் பெஞ்சுல, எனக்கு நேர் எதிர உக்கார வச்சேன். பி.டி. சார்ட்ட, அந்தப் பக்கம் விசில் ஊதாதீங்கன்னு சொன்னேன். வீட்டுல இருந்து இட்லி கொண்டு போய், எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடப் போகுறப்ப தனியா வச்சு ஊட்டாத கொறையாக் குடுத்தேன். தமிழ்ல ஒரு பாடம், முழுக்க அம்மாவப் பத்தி. அத நடத்தவே இல்ல. இந்தப் பாடம் வேணாம், பாண்டிச்செல்விக்கு மனசு கஷ்டப்படும், அடுத்த பாடத்துக்குப் போங்கன்னு கிளாஸ்லயே சொல்லிட்டேன். பிள்ளைகளும் நல்ல பிள்ளைக. முப்பத்தி நாலு பேரும் ஒரேடியாத் திரும்பி அதப் பாத்துட்டு, பக்கத்தப் பொரட்டிருச்சுக. அது தலைய நிமித்தல. எங்க போனாலும் துணைக்கு ஒரு பிள்ளைய அனுப்புவேன், பாத்ரூம் போனாக்கூட. தனியா விடவே இல்ல, ஒரு நிமிசம்.

ஆவணில எங்களுக்கு மூணு நாள் ட்ரெயினிங் போட்டாங்க. இந்த மாதிரி அதிர்ச்சிக்கு ஆளான பிள்ளைகள எப்படிப் பாத்துக்கிடுறதுன்னு. மதுரையில இருந்து ஒரு மேடம், கண்ணாடி போட்டு, அமைதியாப் பேசுனாங்க. பிள்ளைக பேசணும், மனசுல இருக்கிறது வெளிய வரணும், வந்தா பாரம் கொறையும்னாங்க. நான் அதக் கொட்டை எழுத்துல எழுதி அடிக்கோடு போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறமும் என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாங்க, அவசரப்படுத்தாதீங்க, அதுவா வரட்டும், யாருக்குச் சொல்லணும்னு பிள்ளைதான் முடிவு பண்ணணும்னு. அப்பத்தான் டீ வந்துச்சு, பாதி காதுல விழல. எனக்கு முக்கியமானது கெடச்சிருச்சு. பேச வைக்கணும்.

எப்படிப் பேச வைக்கிறது? நான் கேட்டாத் தலைய ஆட்டும், இல்ல கீழ பாக்கும். மத்த பிள்ளைகட்ட எப்பவாச்சும் ஒரு வார்த்தை பேசுதுன்னு தெரியும், ஆனா என்ன பேசுதுன்னு எனக்குத் தெரியணும்ல? அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எல்லா ஸ்கூல்லயும் உள்ளதுதான், டீச்சர் இல்லாதப்போ பேசுறவங்க பேர கிளாஸ் லீடர் எழுதி வைக்கிறது. எங்க கிளாஸ்ல அதுக்குன்னு ஒரு நாப்பது பக்க நோட்டு உண்டு. லீடர் ராமலட்சுமி. முத்து முத்தா எழுதும், ஒரு பேர் விடாது, அதே கிளாஸ்ல படிக்கிற சொந்தச் சித்தப்பா மகன் பேரக்கூட எழுதுன பிள்ளை அது. அதக் கூப்பிட்டு, முன்பக்கம் எப்பவும் போல பேசுறவங்க பேர எழுது, பின்பக்கத்துல இருந்து பாண்டிச்செல்வி எப்பப் பேசுனாலும் என்ன பேசுனான்னு தேதி போட்டு எழுதுன்னேன். அதுக்குத் தெரியக்கூடாது, நீ அது பக்கத்துல உக்காந்துக்கோ, தோழியா இருந்துக்கோன்னேன். ராமலட்சுமிக்கு அவ்வளவு பெருமை.

நீங்க சிரிக்கக் கூடாது, நான் தினமும் சாயங்காலம் அந்த நோட்ட வாங்கிப் பாக்குறதுக்காகவே காத்துக் கெடந்தேன். முதல் வாரம் ஒரே ஒரு வரி. "ரப்பர் தா என்றாள்." நான் அதப் பாத்துட்டு ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டுனேன். ரெண்டாவது வாரம், "தண்ணி வேண்டாம் என்றாள்." அப்புறம், "இன்னைக்கு என்ன கிழமை என்று கேட்டாள்." வாரம் எத்தனை தடவ பேசுறாங்கன்னு எழுதுறதுக்கு ட்ரெயினிங்ல ஒரு அச்சடிச்ச ஃபாரம் குடுத்திருந்தாங்க. ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழுன்னு ஏறிக்கிட்டே போச்சு. எங்க வட்டாரத்துலயே அந்த ஃபாரத்த ஒழுங்கா நெரப்புனவ நான் ஒருத்திதான்னு அந்த மேடமே போன்ல சொன்னாங்க. புரட்டாசி கடைசியில ரெட்டச் சடை போட்டு வந்துச்சு, ராமலட்சுமியோட அம்மா பின்னி விட்டாங்களாம். ரெண்டும் கைகோத்துக்கிட்டு வரும். எனக்கு வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கும்.

ஐப்பசியில ஒருநாள் நல்ல மழை. பாதிப் பிள்ளைக வரல. ரெண்டு பேரும் வராண்டாவுல உக்காந்து பேசிக்கிட்டிருந்தத நானே பாத்தேன். சாயங்காலம் நோட்டத் தொறந்தா ஒரு பக்கம் முழுக்க எழுத்து. எனக்கு அப்படியே மனப்பாடம். அதுல ராமலட்சுமி எழுதியிருந்தது இதுதான். "அம்மாவுக்கு அன்னைக்குக் காய்ச்சல். லீவு போடுகிறேன், அப்படியே ஸ்கூலுக்கு வந்து டீச்சரைப் பார்க்கிறேன் என்றது. டீச்சர் எல்லார் முன்னாடியும் அம்மாவைத் திட்டும் என்று பயந்து, நான்தான் வேலைக்குப் போ, போ என்றேன். வேன் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே என்றாள்." கடைசி வரியையும் விடல பாருங்க. முற்றுப்புள்ளி வச்சு முடிச்சிருந்துச்சு.

அது ஒண்ணும் இல்லம்மா. முதல் இடைத்தேர்வுல பாண்டிச்செல்வி கணக்குல இருவத்தி மூணு மார்க். அதனால அம்மாவக் கூட்டிட்டு வா, இல்லைன்னா கிளாசுக்குள்ள வராதன்னு சொல்லிருந்தேன். எல்லா டீச்சரும் சொல்றதுதான. நீங்க படிக்கிறப்போ சொல்லிருக்க மாட்டாங்களா? கூட்டிட்டு வரல, அதனால வராண்டாவுல நின்னுச்சு. நான் ஒண்ணும் திட்டியிருக்க மாட்டேன். கொஞ்சம் சத்தமாப் பேசுவேன், அது என் கொரல் அப்படி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, அய்யோ, இந்தப் பிஞ்சு இத்தனை நாளா இத மனசுல வச்சுக்கிட்டுல்ல இருந்திருக்கு, தன்னாலதான் அம்மா செத்துச்சுன்னு. அத எடுத்துப் போடணும். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. எங்க வீட்டுக்காரர், நாளைக்கு அந்தப் பிள்ளையத் தனியாக் கூப்பிட்டுப் பேசுன்னார். தனியாப் பேசுனா அது தலைய ஆட்டிட்டுப் போயிரும், அவருக்கு என்ன தெரியும். எல்லாரும் சொன்னாத்தான நம்பும்?

மறுநாள் முதல் பீரியடு. பிள்ளைகளா, பாண்டிச்செல்வி மனசுல ஒரு பெரிய பாரம் இருக்கு, நாம எல்லாரும் சேந்து அத எறக்கணும்னு ஆரம்பிச்சேன். விசயத்தச் சொன்னேன். அம்மாவுக்குக் காய்ச்சல், லீவு போடுறேன்னாங்க, இவதான் வேலைக்குப் போகச் சொன்னா, ஆனா அது இவ தப்பு இல்ல. டீச்சரப் பாக்க வர்றேன்னாங்கங்கிறத நான் சொல்லல. அது தேவையில்ல. பிள்ளைகளுக்குக் குழப்பமாயிரும். சொல்லிட்டு, வாய்ப்பாடு சொல்ற மாதிரி நான் முன்னால சொல்ல, எல்லாரையும் பின்னால சொல்ல வச்சேன். "அம்மா செத்ததுக்கு பாண்டிச்செல்வி காரணம் இல்லை." மூணு தடவ. எங்க ஸ்கூல் ஒரே நீளக் கட்டடம், கிளாசுக்கும் கிளாசுக்கும் நடுவுல தட்டிதான். மூணாவது தடவ சொல்றப்ப ஆறாங் கிளாசும் சேந்து சொல்லுது. பிள்ளைகதான, பக்கத்துல பாட்டுச் சொன்னா சேந்துக்கிடுங்க.

எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நல்ல காரியம் பண்ணிட்டோம்னு நெஞ்செல்லாம் லேசா இருந்துச்சு. பாண்டிச்செல்வியப் பாத்தேன். அது என்னையப் பாக்கல. திரும்பி ராமலட்சுமியப் பாத்துக்கிட்டிருந்துச்சு. ராமலட்சுமி பென்சில் சீவிக்கிட்டிருந்துச்சு.

சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராவும் ஆயிப்போச்சு. ஏழாங் கிளாஸ், ஆறாங் கிளாஸ், எழுவது பிள்ளைக, எழுவது வீடு. யாரும் கெட்டதாச் சொல்லல, பிள்ளைக நான் சொன்னத அப்படியேதான் வீட்டுல சொல்லியிருக்குங்க. ஆனா கேக்குறவங்க காதுல அது எப்படி விழும்? காரணம் இல்லன்னு யாராச்சும் வந்து சொன்னா, அப்ப என்னமோ இருக்குன்னுதான நெனைப்பாங்க. டீக்கடையில நின்ன அவங்க அப்பாகிட்ட ஒருத்தர் கேட்டிருக்கார், காய்ச்சலோடயா அனுப்புனீங்கன்னு. அவருக்கு அன்னைக்குத்தான் தெரியும், மாரிக்கனிக்குக் காய்ச்சல்னே. அவர் விடியக் காலையிலயே வேலைக்குப் போயிருப்பார்ல. வீட்டுக்கு வந்து பிள்ளைய அடிக்கல, வையல. நீயா போகச் சொன்னன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கார். அது ஆமான்னு தலைய ஆட்டியிருக்கு. அவர் எந்திரிச்சு வெளிய போயி, மோட்டார் ரூம் பக்கத்துல உக்காந்து அழுதிருக்கார். பிள்ளை உள்ள இருந்து அதக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.

இதெல்லாம் எனக்குப் பின்னாலதான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது, மறுநாள் முதல் பெஞ்சு காலி. அதுக்கு மறுநாளும் காலி. கோவில்பட்டியில அவ அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். சின்ன வயசு, எனக்கு ஜூனியர்தான், சொந்தக்காரங்க கமிட்டியில இருக்காங்க, அதனால வந்தவர். என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்கன்னார். நான் அந்த ட்ரெயினிங் ஃபாரத்தத் தூக்கிக் காட்டுனேன், வாரம் ஏழு தடவ பேச வச்சிருக்கேன், யார் வச்சாங்கன்னேன். அவர் அத வாங்கிப் பாத்துட்டு மேசையில கவுத்தி வச்சார். நீங்க மூணாங் கிளாசப் பாத்துக்கோங்க, ஏழுக்கு வேற ஆள் போடச் சொல்லியிருக்கேன்னார். பத்தொம்பது வருசம். எந்திரிச்சு வந்துட்டேன்.

நான் தப்புப் பண்ணலம்மா. கொஞ்சம் சத்தமாப் பண்ணிட்டேன், அவ்வளவுதான். இல்லையா? நீங்க சொல்லுங்க. ஏதோ சொல்ல வர்றீங்க, இருங்க, இத முடிச்சிர்றேன், விட்டா மறந்துரும். இன்னைக்கு நடந்ததச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அத்தை வீட்டுக்கு இதோட மூணாவது தடவ போறேன். முதல் தடவ நான் வர்றது தெரிஞ்சதும் பிள்ளை பாத்ரூமுக்குள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கிருச்சு. நான் போற வரைக்கும் வெளிய வரல. ரெண்டாவது தடவ பக்கத்து வீட்டுக்கு ஓடிருச்சு. இன்னைக்குப் போயிருந்தப்போ ஓடல. ஓடுறதுக்கு நேரமில்ல. அத்தை கடலை மிட்டாய்க்குத் தாள் சுத்திக் குடுக்குற வேலை எடுத்திருக்கா, கூடையில மலை மாதிரிக் கெடக்கு. பிள்ளை அதுக்கு முன்னால உக்காந்து சுத்துது. நான் உக்காந்து பேசுன ஒரு மணி நேரமும் அந்தக் கை நிக்கல. எடுக்குது, சுத்துது, ரெண்டு பக்கமும் முறுக்குது, போடுது. ஒரு வாரத்துக்கு முன்னதான் படிச்ச வேலை, அந்த வேகம் பாக்கணும் நீங்க. அத்தை வெளிப்படையாவே சொல்லிட்டா, அரையாண்டுப் பரீட்சைக்குள்ள போகலைன்னா இனி இங்கயே இருக்கட்டும் டீச்சர், ஸ்கூலும் வேணாம் ஒண்ணும் வேணாம், எனக்கும் கை ஒத்தாசையா இருக்கும்னு. பன்னெண்டு வயசு. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

என்னென்னமோ சொன்னேன். ராமலட்சுமி அழுகுறான்னேன். கை இன்னும் வேகமாப் போச்சு. உங்க அப்பா ஒண்ணும் கேக்க மாட்டேன்னு என்கிட்டச் சொல்லிட்டார், அவரே ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னார்னேன். எனக்கு அசந்து போச்சும்மா. எனக்கே ஒரு மாதிரி ஆயி, செவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். சும்மா, பேச்சுக்குன்னு சொன்னேன், இனிமே நான் உனக்குக் கிளாஸ் டீச்சர் இல்ல, என்னைய மூணாங் கிளாசுக்கு மாத்திட்டாங்க, திங்கக்கெழமை ஏழாங் கிளாசுக்குப் புது டீச்சர் வர்றாங்க, தென்காசிப் பக்கமாம்னு.

கை நின்னுருச்சு.

என்னைய நிமிந்து பாத்துச்சு. ஆடி மாசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் என்னைய நேருக்கு நேரா பாக்குது. "அந்த டீச்சருக்கு என்னையத் தெரியாதா?"ன்னுச்சு.

தெரியாதேன்னேன்.

"எங்க அம்மாவப் பத்தித் தெரியாதா? ஒண்ணுமே தெரியாதா?"

ஒண்ணுமே தெரியாது, வெளியூர்க்காரங்கன்னேன். கொஞ்ச நேரம் கையில இருந்த தாள மடிச்சு மடிச்சு விரிச்சுச்சு. அப்புறம் கேட்டுச்சு, "நீங்க சொல்லிருவீங்களா டீச்சர்?"

என் மகன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன்மா. மகன் அங்க இல்ல, அவன் காலேஜ்ல இருக்கான், மனசுக்குள்ள அவன் தலையில கை வச்சு, சொல்ல மாட்டேன், ஹெட்மாஸ்டரையும் சொல்ல விட மாட்டேன், அந்த டீச்சருக்கு நீ முப்பத்தஞ்சு பிள்ளைகள்ல ஒரு பிள்ளைன்னேன். "அப்ப வர்றேன்"னுச்சு. அவ்வளவுதான் சொன்னுச்சு. திரும்ப மிட்டாய் சுத்த ஆரம்பிச்சிருச்சு.

யோசிச்சுப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு. நான் இட்லி குடுத்தேன், முன்பெஞ்சு குடுத்தேன், துணைக்கு ஆள் குடுத்தேன். அதுக்கெல்லாம் வராத பிள்ளை, தன்னையத் தெரியாத ஒருத்தி வர்றான்னு சொன்னதுக்கு வர்றேங்குது. ஒரே ஒரு ஆளு. ஊர் பூராவும் தெரிஞ்சாலும் பரவால்ல, தெரியாத ஒரு ஆளு எதிர நின்னாப் போதும் அதுக்கு. ஆனாலும் வர்றேன்னுச்சுல்ல, அது போதும். ரெண்டு வார்த்தை. இன்னைக்காவது தூங்குவேன்னு நெனைக்கேன்.

என்னம்மா, முகம் வேர்த்துப் போயிருக்கு? பஸ் ஒத்துக்கலையா? கண்டக்டர்ட்டச் சொல்லி ஜன்னலத் தொறக்கச் சொல்லவா? என் கதையிலயே உங்கள விட்டுட்டேன், ஒரு வார்த்தை விசாரிக்கல. எங்க இறங்கணும் நீங்க?

நத்தக்குளமா?

எங்க ஊர்ல இறங்குறீங்களா? யார் வீட்டுக்கு? வாடகைக்கு வீடு பாக்கவா? எதுக்கு வீடு, எங்க வேலை.

தென்காசியா நீங்க.

இருங்க. பேசாதீங்க கொஞ்ச நேரம். பேசாதீங்க.

அப்பவே சொல்லிருக்கலாம்லம்மா. நான் மூணாங் கிளாஸ்னு ஆரம்பிச்சப்பவே ஒரு வார்த்தை, நான்தான் அந்த டீச்சர்னு. ஆமா, சொல்ல வந்தீங்க. ரெண்டு தடவ வாயத் தொறந்தீங்க. நான் எங்க விட்டேன். நான் யாரத்தான் விட்டேன்.

சத்தியம் பண்ணி ரெண்டு மணி நேரம் ஆகலம்மா. அவ கூடையில பாதி மிட்டாய்கூட சுத்தி முடிச்சிருக்க மாட்டா.

நான் சொன்னத மறந்துருங்கன்னு சொன்னா மறக்கவா போறீங்க. பேரு தெரிஞ்சு போச்சு, ரெட்டச் சடை தெரிஞ்சு போச்சு, காய்ச்சல் தெரிஞ்சு போச்சு. கண்ணத் தொடைங்க முதல்ல. அவளப் பாத்து இந்த மாதிரிக் கண்ணு கலங்குச்சுன்னா அன்னைக்கே முடிஞ்சிரும். அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிரும். நாலு மாசமா அது வேற எதையும் பாக்கல, எல்லார் மூஞ்சியையும்தான் பாத்துக்கிட்டிருக்கு.

சொல்றதக் கேளுங்க. திங்கக்கெழமை கிளாசுக்குள்ள போனதும் புது டீச்சர் என்ன செய்வீங்க, பேர் கேப்பீங்க, அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலைன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் கேப்பேன். அத யார்கிட்டயும் கேக்காதீங்க. எல்லார்கிட்டயும் பேர் மட்டும் கேளுங்க. அவள விட்டுட்டுப் போகாதீங்க, விட்டாலும் தெரிஞ்சுக்கிடும். அவகிட்டக் கூடுதலா ஒரு நிமிசம் நிக்காதீங்க. எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரி கேட்டுட்டு, அடுத்த பிள்ளைக்குப் போயிருங்க. உங்களால முடியுமா?

எங்க, இப்பக் கேளுங்க பாப்போம். நான்தான் பாண்டிச்செல்வின்னு வச்சுக்கோங்க. முதல் பெஞ்சுல இல்ல, அது இனிமே முதல் பெஞ்சுல உக்காராது. மூணாவது பெஞ்சுல, ஓரத்துல உக்காந்திருக்கேன். கேளுங்க.

இல்ல. அய்யோ பாவம்னு இருக்கு கொரல்ல. இவ்வளவு மெதுவாவா முப்பத்தஞ்சு பிள்ளைககிட்டயும் கேப்பீங்க?

இன்னொரு தடவ.

இப்பப் பரவால்ல. ஆனா கேக்குறதுக்கு முன்னால ஒரு நொடி நிறுத்துனீங்க. அந்த ஒரு நொடி போதும் அவளுக்கு. பேர் தெரிஞ்சவங்கதான் அப்படி நிறுத்துவாங்க.

ஓடைப் பாலம் வந்துருச்சு. நம்ம ஊருக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப்புதான் இருக்கு. மறுபடி கேளுங்கம்மா, என் பேர் என்னன்னு.